இசிஜி சரியாக இருக்கிறது, நெஞ்சுதான் அடங்கவில்லை

நூல்கண்டு (திருப்பூர்)
ஜனவரி 21, இரவு 1.12

மூன்று மாதத்தில் மூன்று முறை அவசரப் பிரிவுக்குப் போய் வந்துவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள்." ஒன்றும் இல்லாத உடம்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்கத்தான் இந்த இழை.

வயது 35. புகை, மது இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. கடைசியாக வந்தது 19ஆம் தேதி இரவு. அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் பின்கழுத்தில் சூடு ஏறியது. அடுத்து நெஞ்சுக்குள் ஓர் இடறல். இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போனால் எப்படித் தூக்கிவாரிப் போடுமோ அப்படி. பிறகு ஓட்டம். கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்தேன், 128. பார்த்துக்கொண்டே இருந்தேன், 141. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. உதட்டைச் சுற்றி மரத்துப்போயிற்று. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. கடைசியில் வலது கை விரல்கள் ஐந்தும் குவிந்தபடி இழுத்துக்கொண்டன. விரிக்க முயன்றால் விரியவில்லை. பக்கவாதம் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். காவலாளி அண்ணன்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நான்கு மணி நேரம் படுக்க வைத்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். டிசம்பரிலேயே எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரி. வீட்டில் என் கோப்பு இரண்டு விரற்கடை தடிமனுக்கு வளர்ந்துவிட்டது. "மனப்பதற்றம்" என்று சீட்டில் எழுதி, வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். மனைவி எதுவும் சொல்லவில்லை. ஆனால் பில்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எல்லாம் மனத்தில்தான் என்றால் விரல் எதற்காக இழுத்துக்கொள்ள வேண்டும்? இதுதான் என் கேள்வி.

சுக்குக்காப்பி (கும்பகோணம்)
ஜனவரி 21, காலை 5.40

தம்பி, இது வாயு. வேறொன்றும் இல்லை. நேரம் தவறிச் சாப்பிடுகிறீர்கள், ராத்திரி கண் விழிக்கிறீர்கள், வாயு மேலே ஏறி நெஞ்சை அடைக்கிறது. ஒரு சோடா குடித்து நன்றாக ஏப்பம் விட்டால் சரியாகிவிடும். ஓமத் தண்ணீர் இன்னும் நல்லது. எனக்கு 67 வயது. எங்கள் காலத்தில் இந்தப் பதற்றம், மன அழுத்தம் எல்லாம் கேள்விப்பட்டதே இல்லை. வேலை இருந்தது, பசி இருந்தது, தூக்கம் இருந்தது.

வைகைக்கரை (மதுரை)
ஜனவரி 21, காலை 9.05

தம்பி, உங்கள் கோப்பைவிட என்னுடையது தடிமன். போட்டிக்கு வருகிறீர்களா?

எனக்கு நெஞ்சு இல்லை, தொண்டை. ஒரு நெல்லிக்காயை முழுதாக விழுங்கி அது பாதியில் நின்றுவிட்டது போல எட்டு மாதம் இருந்தது. பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எச்சில் விழுங்குவேன். விழுங்க விழுங்க அடைப்பு கூடும். புற்றுநோய் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். தொண்டைக்குள் குழாய் விட்டு இரண்டு முறை பார்த்தார்கள், எதுவும் இல்லை. கடைசியாகப் பார்த்த வயதான மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சோறு இறங்குகிறதா?" யோசித்துப் பார்த்தேன். இட்லியும் சோறும் வழுக்கிக்கொண்டு போயின. வெறும் எச்சிலுக்குத்தான் அடைப்பு. "சோற்றுக்கு வழி விட்டு வெறும் எச்சிலை மட்டும் மறிப்பது கட்டியின் குணம் இல்லை அம்மா. சோறு சிக்கினாலோ எடை குறைந்தாலோ மறுபடியும் வாருங்கள்" என்றார். தொண்டைத் தசை இறுகிக்கிடப்பதால் வருகிற உணர்வு என்று படம் போட்டுக் காட்டினார். அந்த வருடம் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

ஒரு யோசனை. உங்களுக்கு வந்த மூன்று தேதிகளையும் இங்கே எழுதுங்கள்.

நூல்கண்டு
ஜனவரி 21, காலை 10.31

நவம்பர் 19, டிசம்பர் 20, ஜனவரி 19. எல்லாமே இரவு 10 மணிக்கு மேல்.

கணக்கேடு (ஈரோடு)
ஜனவரி 21, காலை 10.36

நண்பரே, நீங்கள் கணக்குப் பிரிவா?

நூல்கண்டு
ஜனவரி 21, காலை 10.40

ஆமாம், பனியன் கம்பெனி. எப்படித் தெரியும்?

கணக்கேடு
ஜனவரி 21, காலை 10.44

19, 20 என்றதும் எனக்கே வயிற்றில் புளியைக் கரைத்தது. மாதாந்திர ஜிஎஸ்டி வரிப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள் 20. அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அஜீரணம். 11ஆம் தேதி விற்பனைக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1, 7ஆம் தேதி பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ் கட்டுவது. எங்களுக்கு மாதம் என்பது இந்த மூன்று தேதிகள்தான்.

வெள்ளைக்கோட்டு
ஜனவரி 21, மாலை 4.20

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பணி. மனநல மருத்துவர் இல்லை, பொது மருத்துவர். இங்கே யாருக்கும் நோய் கண்டறிந்து சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன்.

விரல் கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. பயம் வந்ததும் மூச்சு வேகமாகிறது. வேகமான மூச்சில் உடலிலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. அப்படிச் சாய்ந்தால் ரத்தத்தில் தனித்துத் திரியும் கால்சியத்தில் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தனிக் கால்சியம் குறைந்தால் நரம்புகள் சின்னத் தூண்டலுக்கே துள்ளும். உதடும் விரல் நுனியும் முதலில் மரத்துப்போகும். இன்னும் போனால், திருநீறு எடுக்கக் குவித்ததுபோல விரல்கள் இழுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே பாடப்புத்தகப் படம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் கொஞ்சம் சுருங்கும், அதனால்தான் கிறுகிறுப்பு. மூச்சு போதவில்லை என்று நீங்கள் இழுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உண்மையில் மூச்சு கூடிப்போயிருந்தது. விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டினால் பெரும்பாலும் 98, 99 என்றுதான் காட்டும்.

நெஞ்சு ஓடுவதற்குக் காரணம் அட்ரினலின். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அது பாய்கிறது. ரத்தம் தொடைக்கும் தோளுக்கும் திருப்பிவிடப்படுகிறது, குடல் வேலையை நிறுத்திவைக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. எருமை துரத்தினால் ஓடுவதற்கு இவ்வளவும் தேவை. உங்களைத் துரத்துவது வரிப் படிவம், நீங்களோ நாற்காலியை விட்டு எழவே இல்லை. நெஞ்சு வலிக்குப் பல நேரங்களில் காரணம் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள். மணிக்கணக்கில் இறுகிக்கிடந்தால் அவை வலிக்காமல் என்ன செய்யும்?

இது புதிய நோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களில் சுமார் 300 பேருக்கு நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு முட்டல் இருந்தும் இதயத்தில் பழுது எதுவும் தென்படாததை டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதிவைத்தார். முதல் உலகப் போரில் இதையே "படைவீரர் இதயம்" என்றார்கள். துப்பாக்கி பிடித்து நின்றவர்களின் கதை இது. யாரும் இதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முதல் முறையாக நெஞ்சு வலி வருகிறவர் எவரும் இதைப் படித்துவிட்டு "எனக்கும் பதற்றம்தான்" என்று படுத்துக்கொள்ளக் கூடாது. 108ஐ அழையுங்கள். ஒரே ஓர் இசிஜி சரியாக இருப்பது போதாது. மாரடைப்பில் இதயத் தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும். உங்களை நான்கு மணி நேரம் படுக்க வைத்தது அதற்காகத்தான். நடந்தால், படி ஏறினால் வருகிற வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, மயக்கம், இவை எல்லாம் வேறு கணக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

கடைசியாக ஒன்று. "ஒன்றும் இல்லை" என்று நாங்கள் சொல்வதற்கு "இப்போது உயிருக்கு ஆபத்தான எதுவும் இல்லை" என்று பொருள். இரவு இரண்டு மணிக்கு, வெளியே பதினோரு பேர் காத்திருக்கும்போது, வாக்கியம் சுருங்கிவிடுகிறது. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை.

நாளுக்கு எத்தனை டீ?

நூல்கண்டு
ஜனவரி 21, மாலை 6.02

ஏழு. 20ஆம் தேதி வாரத்தில் கணக்கு வைப்பதில்லை.

ஆனால் டாக்டர், எனக்கு ஒன்று ஒட்டவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து இதே வேலையைத்தான் செய்கிறேன். இத்தனை வருடம் வராதது இப்போது எதற்கு வர வேண்டும்? வேலைப் பளுதான் காரணம் என்றால் ஆரம்பத்தில் அந்த இணையதளம் நின்று நின்று போன காலத்திலேயே நான் செத்திருக்க வேண்டும்.

அரளிப்பூ (நாகர்கோவில்)
ஜனவரி 22, காலை 7.15

மேலே எல்லோரும் பதற்றம், பதற்றம் என்று ஒரே திசையில் தேர் இழுக்கிறீர்கள். எதிர்த்திசையில் ஒரு கதை சொல்கிறேன்.

எனக்கும் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, அடிக்கடி வயிற்றுப்போக்கு. புதிதாகத் திருமணம் ஆகி வந்தவள், மாமியார் வீடு, எனவே பதற்றம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார்கள். ஆறு மாதம் தூக்க மாத்திரை. அதற்குள் ஒன்பது கிலோ குறைந்துவிட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன், ஆனாலும் வளையல் முழங்கை வரை ஏறியது. குளிர்காலத்தில் எல்லோரும் போர்த்திக்கொண்டிருக்க எனக்கு மட்டும் மின்விசிறி வேண்டும். ஊருக்குப் போனபோது அம்மா என் கழுத்தைப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தைராய்டைத் தூண்டிவிடும் டிஎஸ்எச் அளவிட முடியாத அளவுக்குக் கீழே கிடந்தது, தைராய்டு மிஞ்சினால் அது இறங்கிவிடுமாம். தைராய்டு மிகையாகச் சுரந்துகொண்டிருந்தது. அதற்குரிய மருந்து தொடங்கிய இரண்டாவது மாதத்தில் "பதற்றம்" போய்விட்டது.

பெண் என்றால் "டென்ஷன்" என்று எழுதுவது சுலபம். நூல்கண்டு, தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா?

நூல்கண்டு
ஜனவரி 22, காலை 8.50

பார்த்தார்கள் அக்கா. டிஎஸ்எச் 2.1. ஹீமோகுளோபின் 14. இரண்டும் சரி.

வெள்ளைக்கோட்டு
ஜனவரி 22, பகல் 1.10

அரளிப்பூ சொன்னது மிகச் சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது, ஆஸ்துமா மருந்தான சால்பியுடமால், சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றுவிடும் சில இதயத் துடிப்புக் கோளாறுகள், இவை எல்லாமே இதே வேடத்தில் வரும். பதற்றம் என்ற முடிவை மற்றவற்றைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதேபோல, பார்த்து முடித்த பிறகு நான்காவது எக்கோவுக்கு ஓடுவதும் வேண்டாம்.

நெறியாளர்
ஜனவரி 22, பகல் 2.00

நரம்புத் தளர்ச்சிக்கு 48 நாள் லேகியம் என்று கைபேசி எண்ணோடு வந்த பதிவை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது முறை.

மருந்துச்சீட்டு (சேலம்)
ஜனவரி 22, இரவு 9.45

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவின் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதை எழுதுகிறேன்.

நெஞ்செரிச்சல் மாத்திரையை ஐந்தாறு வருடமாக மாதாமாதம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் "கேஸ்" என்பார்கள். மகள் கல்யாணம் நிச்சயமானால் இரட்டிப்பாக வாங்குவார்கள், கல்யாணம் முடிந்தால் இரண்டு மாதம் கடைப்பக்கமே வர மாட்டார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை.

என்னைப் பயப்படுத்துவது பதற்றத்தை அடக்கும் ஆல்பிரசோலம் மாத்திரை. யாரோ ஒருவர் ஒருமுறை எழுதிக் கொடுத்த பழைய சீட்டை மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிக் கொண்டுவருவார்கள். "பாதி மாத்திரைதான், போட்டால் நெஞ்சு அடங்கிவிடுகிறது" என்பார்கள். அடங்கும்தான். சில வாரம் தொடர்ந்து போட்டால் உடல் பழகிவிடும், பாதி ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். திடீரென்று நிறுத்தினால் எந்தப் படபடப்புக்குப் பயந்து தொடங்கினார்களோ அது மும்மடங்காகத் திரும்பும், வலிப்பும் வரலாம். ஹெச்1 பட்டியல் மருந்து அது. சீட்டு இல்லாமல் தரக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தர மறுத்தால் என்னைத் திட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறார்கள்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)
ஜனவரி 23, இரவு 8.30

இங்கே இதற்குப் "பதகளிப்பு" என்று ஒரு சொல் இருக்கிறது. வைத்தியர்களும் அதைத்தான் எழுதுவார்கள். பதற்றம் என்பதைவிட எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது, சொல்லிலேயே ஒரு நடுக்கம் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற சனங்கள் அந்தச் சொல்லையும் சொல்வதில்லை. "நெஞ்சு நோகுது ஐயா, தலை அம்முது ஐயா, உடம்பு முழுக்க எரியுது ஐயா" என்பார்கள். ஏன் என்று கேட்டால் "யோசினைதான்" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனத்தோடு சனமாக நடந்தபோது எனக்கு 9 வயது. மழை. பயந்ததாக எனக்கு நினைவே இல்லை, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. இப்போது நான் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன், கோயில் திருவிழாவில் வெடி போட்டால் நான் பயப்படுவதில்லை. சிரித்துக்கொண்டுதான் நிற்பேன். ஆனால் வயிறு கலங்கிவிடும். பத்து நிமிடத்துக்குள் கழிப்பறை தேட வேண்டும். திருவிழாவுக்குப் போகும் முன் கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். மனம் மறந்ததைக் குடல் மறக்கவில்லை போல. வைத்தியர் சொன்னார், குடலுக்கென்றே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றனவாம், அது பாதி தன் போக்கில் இயங்குமாம்.

வைகைக்கரை
ஜனவரி 24, காலை 6.50

பனங்கூடல், தமிழ் வகுப்பில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நடத்தும்போது மாணவர்களிடம் ஒரு விளையாட்டு வைப்பேன். பயத்தைச் சொல்லும் தொடர்களில் உடல் உறுப்பு இல்லாத ஒன்றைக் கண்டுபிடியுங்கள் என்பேன். அடிவயிறு கலங்கியது, குலை நடுங்கியது, கை கால் வெலவெலத்தது, நாக்கு உலர்ந்தது, மயிர் கூச்செறிந்தது, நெஞ்சு திக்கென்றது. ஒரு மணி நேரம் திணறுவார்கள். மெய்யில் படுவதால்தான் மெய்ப்பாடு என்று பெயர் வைத்து, எட்டில் ஒன்றாக அச்சத்தையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். நாம்தான் நடுவில் மனம் தனி, உடல் தனி என்று இரண்டு கட்டடம் கட்டி, ஒன்றின் வாசலில் போய் நிற்க வெட்கப்படுகிறோம்.

சுக்குக்காப்பி
ஜனவரி 24, காலை 7.30

எங்கள் காலத்தில் கேள்விப்பட்டதில்லை என்று எழுதினேன். அது முழுப் பொய் என்று ராத்திரி படுத்திருக்கும்போது தோன்றியது.

என் தங்கைக்குப் பத்து வயதில் பேச்சு நின்றுபோயிற்று, இரவில் தூக்கிப் போடும், சோறு இறங்காது. "பயந்த கோளாறு" என்றார்கள். குளத்தங்கரையில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்றார்கள். அம்மா முதலில் கோயில் பூசாரியிடம் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனாள். பிறகு சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில், தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதட்டும் என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் வைக்கிற வயதா அது? ஆனாலும் வைத்துக்கொண்டாள். ஒன்றரை மாதத்தில் சரியாயிற்று. ஊதியதால் சரியாயிற்றா, அம்மா தினமும் அப்படித் தூக்கிக்கொண்டு நடந்ததால் சரியாயிற்றா என்று எனக்குத் தெரியாது. பெயர்தான் வேறாக இருந்தது. நோய் இருந்திருக்கிறது.

ஆனாலும் தம்பியின் நெஞ்சுக்குச் சோடா குடித்தால் கேடில்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

நூல்கண்டு
ஜனவரி 24, இரவு 11.58

ஐயா, சோடா என்று நீங்கள் முதல் நாள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று காலை முழுவதும் என்னால் வேலை பார்க்க முடியவில்லை. உங்கள் மீது வருத்தம் இல்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன்.

என் எதிர் மேசையில் ஒருவர் இருந்தார். 44 வயது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அக்டோபர் 18, மாலை நான்கு மணி இருக்கும். நெஞ்சைத் தடவிக்கொண்டே "கேஸ் அடைக்கிறது, ஒரு ஜீரா சோடா வாங்கி வா" என்றார். நான்தான் போய் வாங்கி வந்தேன். குடித்தார். ஏப்பம் வந்தது. "இப்போது பரவாயில்லை" என்றார். சட்டை முழுக்க வியர்வை. மின்விசிறியை என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்திலேயே முடிந்துவிட்டது.

20ஆம் தேதி அவர் முடிக்காமல் விட்ட படிவத்தை நான்தான் சமர்ப்பித்தேன். நவம்பரிலிருந்து அவர் பார்த்த கம்பெனிகளும் என்னிடம்தான். கடிகாரம் அதன் பிறகு வாங்கியது. ஒரு நாளில் எத்தனை முறை நாடி பார்க்கிறேன் என்று இன்று எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள் 43. அவருடைய நீல மூடித் தண்ணீர் பாட்டில் இன்னும் அந்த மேசையில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எனக்கு "கேஸ்தான்" என்று யாராவது சொன்னால் அதுவே மரண அறிவிப்பு போல இருக்கிறது.

கணக்கேடு
ஜனவரி 25, காலை 6.10

நண்பரே. தேதியைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். மன்னியுங்கள்.

சுக்குக்காப்பி
ஜனவரி 25, காலை 6.25

தம்பி, நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வெள்ளைக்கோட்டு
ஜனவரி 25, மாலை 5.15

இத்தனை வருடம் வராதது இப்போது எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள்.

டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் இந்தச் சுழலை வரைந்து காட்டினார். நெஞ்சில் ஒரு சாதாரண இடறல் வருகிறது. டீ, தூக்கக் குறைவு, எதனாலும் வரலாம், எல்லோருக்கும் வருவதுதான். "அண்ணனுக்கு வந்தது இதுதான்" என்று மூளை அதற்குப் பொருள் சொல்கிறது. அட்ரினலின் பாய்கிறது. துடிப்பு கூடுகிறது. கூடியதைக் கடிகாரம் எண்ணாகக் காட்டுகிறது. பார்த்தீர்களா, உண்மைதான் என்கிறது மூளை. இன்னொரு சுற்று. நீங்கள் முதல் பதிவில் எழுதினீர்களே, 128, பார்த்துக்கொண்டே இருந்தேன், 141 என்று. அந்தச் சுழல்தான் அது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கும். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் இறங்கத் தொடங்கிவிடுவதால் ஆஸ்பத்திரிதான் காப்பாற்றியது என்று தோன்றும். அடுத்த முறையும் ஓடத் தோன்றும்.

கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், மனநலத் திட்டத்தின் கீழ் அங்கே உளவியலாளரும் இருப்பார். அதற்கு முன் பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையிலேயே இதயமோ ஆஸ்துமாவோ என்றால் ஆபத்தாகிவிடும். மூச்சை இழுப்பதில் கவனம் வைக்காமல், மெதுவாக வெளியே விடுவதில் வையுங்கள். உள்ளே நான்கு எண்ணிக்கை, வெளியே ஆறு.

நூல்கண்டு
பிப்ரவரி 21, காலை 7.40

ஒரு மாதக் கணக்கு.

மனநலப் பிரிவுக்கு முதல் நாள் போகும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலைக்கவசத்தைக் கழற்றாமலே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரும் கழற்றவில்லை.

பதற்றத்துக்கான எஸ்சிடாலோபிராம் மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம், பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கூடவும் செய்தது. சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாவது நாளே நிறுத்தியிருப்பேன்.

உளவியலாளர் ஓர் இளம் பெண். மூன்றாவது அமர்வில் என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றச் சொன்னார். பிறகு நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். பிறகு இளநீர் உறிஞ்சும் குழாய் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, இதற்கா அரை நாள் விடுப்பு போட்டேன் என்று. முடிந்ததும் அதே கிறுகிறுப்பு, அதே முட்டல், அதே ஓட்டம். "இதுதானே அது?" என்றார். இதுதான் அது. நானே வரவழைத்தேன், நின்றேன், போய்விட்டது. வீட்டில் தினமும் செய்யச் சொல்லியிருக்கிறார். மகள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கூடவே சுற்றுகிறாள்.

நேற்று 20. இரவு 10.50க்கு வந்தது. பின்கழுத்துச் சூடு, இடறல், ஓட்டம், உதடு மரத்தது. கைக்கடிகாரம் இல்லை என்பதால் எவ்வளவு என்று தெரியாது. எழுந்து ஓடவில்லை. நாற்காலியிலேயே இருந்து நான்கு, ஆறு என்று எண்ணினேன். விரல் இழுக்கவில்லை. 11.20க்குப் படிவத்தைச் சமர்ப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், அசிங்கமான அரை மணி நேரம். டீ மூன்றாகக் குறைந்திருக்கிறது. பாட்டிலை இன்னும் எடுக்கவில்லை.

சுக்குக்காப்பி
பிப்ரவரி 21, மாலை 6.05

தம்பி, மகிழ்ச்சி.

டாக்டர் ஐயாவிடம் ஒன்று கேட்கலாமா? எனக்கும் அந்தப் பதற்றம்தான் போலிருக்கிறது. ஒரு மாதமாகக் காலையில் சைக்கிளில் ஆற்றுப் பாலம் ஏறும்போது நெஞ்சின் நடுவில் ஓர் அம்மிக்கல்லை வைத்தது போல இருக்கிறது. இறங்கி நின்று, பையிலிருக்கும் ஓமத் தண்ணீரைக் குடித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. சர்க்கரை 12 வருடமாக உண்டு. மகன் வெளிநாடு போனதிலிருந்து மனது சரியில்லை, அதனால் இருக்குமோ? அந்த நான்கு, ஆறு மூச்சைப் பழகினால் போதுமா?

வெள்ளைக்கோட்டு
பிப்ரவரி 21, மாலை 6.11

ஐயா, இது பதற்றம் என்று எண்ண வேண்டாம். ஓமத் தண்ணீரால் போகவில்லை, நீங்கள் நின்றதால் போகிறது. ஏறினால் வந்து, நின்றால் போகிற பாரம் இதய ரத்தக் குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். நாளை காலை முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போங்கள். சைக்கிளில் போகக் கூடாது, யாரையாவது உடன் அழைத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு சும்மா இருக்கும்போதே வந்தாலோ, வியர்த்தாலோ, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ உடனே 108.

நூல்கண்டு
பிப்ரவரி 21, மாலை 6.14

ஐயா, தயவுசெய்து. சோடா வேண்டாம். போங்கள்.

சுக்குக்காப்பி
பிப்ரவரி 22, காலை 8.20

பக்கத்து வீட்டுப் பையன் காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். சீட்டு எண் 14. இப்போது 9 போகிறது. இசிஜி எடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.